வாசலை அடைத்த காவல்

குறும்பாறை மடத்தில் அப்போது சாம்பிராணி போடுவதில்லை. மடம் என்றால் அந்த வாசனை இல்லாமலா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வாசலில் நிற்கும் மெய்கண்டான் முறைக்கிற முறைப்பில் அடுத்த கேள்வி கேட்க யாருக்கும் துணிச்சல் வராது.

அந்த மடத்தின் குரு ஒரு பெண். வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. எல்லோரும் சாமியம்மா என்று கூப்பிட்டார்கள். சீடன் மெய்கண்டான் ஐம்பதை நெருங்குகிறவன். பஸ் டெப்போவில் டைம் கீப்பர் வேலையை உதறிவிட்டு வந்து, வாசல் காவலை அவனாகவே எடுத்துக்கொண்டான். யாரும் கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

வந்த அன்றைக்கே தூபக்காலைத் தூக்கிப் பரணில் போட்டான். பிறகு ஊதுவத்தியைத் தடுத்தான். பிறகு மல்லிகைப்பூ, பிறகு அத்தர் பூசியவர்கள். ஒருநாள் மிளகாய் தாளிக்கிற நெடி வருகிறது என்று சமையல்கார மாசிலாமணியோடு சண்டைக்குப் போனான்.

"ரசத்துக்கு மொளகா போடாம பூவையா போடுவாங்க?" என்றார் மாசிலாமணி.

மெய்கண்டான் அதற்குச் சிரிக்கவில்லை. அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. காரணம் தெரிந்தவர்கள் அவனைச் சிரிக்க வைக்கவும் முயலவில்லை.

அவனுக்கு ஒரே மகள். பெயர் மணிமொழி, வயது எட்டு. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இழுப்பு, ஆஸ்துமா, உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை தாய் உண்ணாமலை மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். ஈரத்தலையில் நீர் கோத்துக்கொள்ளுமே என்று பயந்து, தூபக்காலில் நெருப்பு அள்ளி, சாம்பிராணி தூவி, கூந்தலை விரித்துப் புகை காட்டினாள். நம் வீடுகளில் எல்லா அம்மாக்களும் செய்கிற காரியம்தான். பொழுது சாயும்போது குழந்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. பிள்ளையை உயிரோடு திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

சாவு வீட்டில் மெய்கண்டான் ஒன்றுதான் சொன்னான். "பொகை போட்டுக் கொன்னுட்டா." ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அவன் அக்கா உண்ணாமலையின் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். உண்ணாமலை பதில் பேசவில்லை. காரியம் முடிந்த கையோடு அவன் மடத்துக்கு வந்துவிட்டான்.

உண்ணாமலை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மடத்துக்கு வந்தாள். அன்னதானத்துக்கு வருகிற கூட்டத்தோடு வந்து, வாசலில் அவனுக்கு எதிரே நிற்பாள். அவன் எல்லோரையும் உள்ளே விடுவான், அவளை மட்டும் விடமாட்டான்.

"பொகை போட்ட கைக்கு இங்க வேலை இல்ல. போ."

அவள் சற்று நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறுவாள். அவள் முதுகைப் பார்க்கும்போது அவனுக்கு நெஞ்சு எரியும். அதைக் கோபம் என்றே அவன் நம்பினான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாமியம்மாவுக்கும் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. காலையில் திருநீறு பூசுவதற்கு முன்பு இழுப்புக்கான மருந்து ஸ்ப்ரேயை வாயில் வைத்து அழுத்தி, மூச்சை உள்ளே கொஞ்சம் பிடித்து வைத்து வெளியே விடுவார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் பூசைக்கு உட்காருவார். ஒளிவுமறைவு எதுவும் கிடையாது, மடத்தில் எல்லோரும் பார்த்ததுதான். அந்தச் சத்தம் கேட்கிற நேரத்தில் மெய்கண்டான் மட்டும் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விடுவான். வாளி நிறைந்திருந்தாலும் போவான்.

ஒரு மாலை, பௌர்ணமிக்கு முந்தின நாள், அவன் சாமியம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கணும், சாமியம்மா."

"கேளுங்க, ஐயா."

"எம்பொண்ணைக் கொன்னது பொகை இல்லேங்கறாரு டாக்டரு."

"வேற என்னவாம்?"

"அவ ரத்தமே அவளைக் கொன்னுடுச்சாம்."

மெய்கண்டான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஆஸ்பத்திரி மேசையில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் இழுத்து டாக்டர் படம் போட்டுக் காட்டினாராம். அந்தப் படம் காய்ந்துபோனாலும் இவனுக்கு மறக்கவில்லை.

"ரத்தத்துல காவலுக்குன்னே அணுக்கள் இருக்காம். மூச்சுக்கொழா செவுரு ஓரமா மாஸ்ட் செல்லுன்னு ஒண்ணு. பை நிறைய மருந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருக்குமாம். தூசியோ பொகையோ வந்தா, எதிரி வந்துட்டான்னு நெனச்சி பையை ஒடைச்சிக் கொட்டிடுது. ஹிஸ்டமின்னு பேராம். அது கொட்டினா செவுரு வீங்குது. சளி ஊறுது. சுத்தி இருக்கிற தசை பிடிச்சி இறுக்குது."

"ம்."

"அதோட நிக்கலையாம். ரத்தத்துல சேதி அனுப்பி இன்னொரு கூட்டத்தையும் கூப்பிடுது. ஈசினோஃபில்லுன்னு சொன்னாரு. அதுங்க வந்து செவுத்துக்குள்ளயே தங்கிடுதுங்க. அதுங்க கக்கறதுல செவுரு புண்ணாயிடுதாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? காத்து போறதுக்கு வழி இல்ல." அவன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "பொகை கெடுதல்தான், இல்லேங்கல, ஆனா வேற ஒரு பிள்ளையா இருந்தா நாலு தும்மல் தும்மிட்டு வெளையாடப் போயிருக்கும்னாரு. காவலுக்கு இருந்ததே கழுத்தை நெரிச்சா எப்படி, சாமியம்மா? அதுங்களுக்கு அவ மேல என்ன பகை?"

சாமியம்மா மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார். நீளமாகப் பேச அவருக்கு எப்போதுமே காற்றுப் போதாது.

"நாளைக்கு வாசல்ல நான் நிக்கறேன். நீங்க அடுப்பங்கரைக்குப் போங்க."

"நான் கேட்டதுக்கு..."

"மாசிலாமணிக்குக் காய் நறுக்க ஆள் இல்ல, ஐயா."

விடிந்ததும் மெய்கண்டான் பூசணிக்காயும் அரிவாள்மணையுமாக உட்கார்ந்தான். அவன் நறுக்குகிற அழகைப் பார்த்து மாசிலாமணி, "துண்டு போடச் சொன்னா தூண் தூணா போடறியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். உலை கொதித்தது. அரிசி வரவேண்டும். பௌர்ணமிதோறும் டவுன் மண்டியிலிருந்து குட்டியானை வண்டியில் அரிசி மூட்டை வரும். சாப்பிட வந்தவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெயில் ஏறியும் அரிசி வரவில்லை.

திடீரென்று மணி அடித்தது. பூசை வேளை இல்லை. மடத்தில் நேரமில்லாத நேரத்தில் மணி அடித்தால் ஆபத்து என்று பொருள்.

மாசிலாமணி கரண்டியோடு ஓடினார். முற்றத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். தடி எடுத்தவர்களும் துடைப்பம் எடுத்தவர்களும் உண்டு. ஒருவர் சந்தனக்கல்லைத் தூக்கிக்கொண்டு போனார், அதை வைத்து என்ன செய்வதாக இருந்தாரோ தெரியாது. மெய்கண்டானும் அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

முற்றத்துக்கும் தலைவாசலுக்கும் நடுவே ஒரு சந்து. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர். எதிரெதிரே வருகிற இரண்டு பேர் தோளை ஒடுக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் அகலம். அதன் கோடியில், மணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடி, சாமியம்மா தலைவாசலைச் சாத்தி, கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"என்ன சாமியம்மா? என்ன ஆச்சு?"

"வாசலைக் காப்பாத்தணும். எல்லாரும் வாங்க."

எதிலிருந்து என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. குரு கூப்பிடுகிறார், அது போதாதா? முன்னால் போனவர்கள் கதவோரம் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்களை நெருக்கினார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள், முன்னால் ஏதோ நடக்கிறது என்று முண்டினார்கள். சந்து நிரம்பிவிட்டது. மெய்கண்டான் நடுவில் மாட்டிக்கொண்டான்.

கதவுக்கு வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டிரைவர் கதவைத் தட்டினான்.

"சாமி! அரிசி எறக்கணும்!"

"யாரோ தட்டறாங்க!" என்றது முன்வரிசை. "தட்டறாங்க, தட்டறாங்க" என்று பின்வரிசை இன்னும் நெருக்கியது. ஆளாளுக்குக் கத்தினார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தான். அதற்குப் பயந்து இன்னும் நாலு பேர் முற்றத்திலிருந்து ஓடிவந்து சேர்ந்தார்கள்.

மெய்கண்டானின் மார்பு ஒருவர் முதுகில் அழுந்தியது. முதுகு கருங்கல்லில் உரசியது. மூச்சை வெளியே விட்டான். திரும்ப இழுக்க இடமில்லை. மறுபடி முயன்றான். பாதிதான் போனது. வியர்வை வாடையும் நல்லெண்ணெய் வாடையும் அடித்தன, காற்று மட்டும் வரவில்லை. கண் இருட்டியது. அந்த ஆட்டோவில் மணிமொழி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தோளை உயர்த்தி உயர்த்தி இழுத்தது இப்படித்தானா? இப்படியா இருந்தது அவளுக்கு?

"சாமியம்மா!" என்று அலறினான். "போகச் சொல்லுங்க! எல்லாரையும் போகச் சொல்லுங்க! வெளிய அரிசி நிக்குது!"

சாமியம்மா பக்கத்தில் நின்றவர் தோளைத் தொட்டார். "நீங்க போய் உக்காருங்க" என்றார். அடுத்தவரைத் தொட்டார். "ஒண்ணும் இல்ல. நீங்களும் போங்க." கத்தவில்லை, யாரையும் தள்ளவும் இல்லை. ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு அனுப்பினார். அப்படித் திரும்பியவர்கள் பின்னால் இருந்தவர்களைத் திருப்பினார்கள். கரண்டியும் துடைப்பமும் திரும்பிப் போயின. சந்து மெல்லக் காலியாயிற்று.

மெய்கண்டான் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். கதவு திறந்தது. அரிசி உள்ளே போனது.

அன்றைக்குச் சாப்பாடு முடிய வெகுநேரம் ஆயிற்று. பசி பொறுக்காமல் சிலர் எழுந்தே போய்விட்டார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு சாமியம்மா அதே சந்தில், கல்தரையில் வந்து உட்கார்ந்தார். மெய்கண்டான் அங்கேயேதான் இருந்தான். அவன் சாப்பிடவில்லை.

"ஓடி வந்தாங்களே, அவங்களுக்கு மடத்து மேல பகையா, ஐயா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

"கூட்டம் எப்ப சேந்துச்சு? வண்டி வந்ததுக்கப்புறமா?"

"இல்ல. வண்டி வர்றதுக்கு முன்னாடியே அடைச்சிப்போச்சு."

"அப்ப வண்டி வந்ததாலதான் அடைச்சிதுன்னு சொல்லலாமா?"

அவன் கல்தரையில் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்கினான்.

"மணிமொழி நெஞ்சுல கூட்டம் எப்ப சேந்துதாம்?"

"பல வாரமா சேந்திருக்கணும்னாரு டாக்டரு. தொந்தரவு இல்லாதப்பவும் உள்ள உக்காந்திருக்குமாம். வெளிய பாத்தா தெரியாதாம். நல்லாத்தான் இருந்தா, சாமியம்மா. பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயம்கூட ஓடினா."

"போங்கன்னு சொல்ல ஆள் இல்லையா?"

"இருந்துச்சு."

"என்ன அது?"

"நீங்க காலையில இழுக்கறீங்களே, அதுதான். தெனமும் இழுக்கணும்னாங்க. நல்லா இருந்தாலும் இழுக்கணும்னாங்க."

"வீட்டுல இருந்துச்சா அன்னிக்கு?"

அவன் மேல்துண்டை முறுக்கினான்.

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு ஸ்டீராய்டுன்னு நெனச்சேன். பழக்கமாயிடும்னு டெப்போல சொன்னாங்க. பொட்டப் பிள்ளை, நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகணும், ஸ்ப்ரே இழுக்கறவன்னு பேராயிட்டா என்ன பண்றதுன்னு..."

எட்டு வயதுப் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி அவன் கவலைப்பட்டிருக்கிறான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நம் ஊரில் அந்தக் கவலை இல்லாத தகப்பனைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

"தூக்கிப் போட்டுட்டேன்" என்றான். "குப்பையில."

சாமியம்மா அவனையே பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை, அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"உண்ணாமலைக்குத் தெரியுமா?"

"தெரியும். வேற வாங்கிக் குடுங்கன்னு கேட்டா. கெஞ்சினா. நான்தான் வேணாம்னு..."

"சாவு வீட்டுல அதைச் சொன்னாங்களா?"

"இல்ல."

"உங்க அக்கா முடியைப் பிடிச்சப்ப?"

"இல்ல, சாமியம்மா. யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும்..."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். ஐம்பது வயது ஆண்பிள்ளை சந்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். மகள் செத்த நாளில்கூட அவன் அப்படி அழவில்லை. அன்றைக்கு அவனுக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாசிலாமணி எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே போய்விட்டார்.

அழுகை அடங்க நேரமாயிற்று. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் தலைவாசலைப் பார்த்தான். கதவு அகலத் திறந்து கிடந்தது. வெளியே ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட இல்லை.

"அடுத்த பௌர்ணமிக்கு வருவா" என்றான். "வந்தா நானே கையைப் பிடிச்சி உள்ள கூட்டிட்டு வர்றேன். அவ கால்ல விழுந்தாலும் தகும். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

சாமியம்மாவும் திறந்த கதவைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஏன் வரலைன்னுதான் தெரியல. ஒரு பௌர்ணமியும் தவறினதில்ல."

"வந்தாங்க, ஐயா."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க பூசணிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தப்ப வந்தாங்க. திருப்பூருக்குப் போறாங்களாம், அவங்க அண்ணனோட. பனியன் கம்பெனியில வேலை. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டாங்களாம். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு வந்தாங்க."

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"நீங்க நிக்கற எடத்துல நின்னேன். நீங்க சொல்றதைச் சொன்னேன்."

"பொகை போட்ட கைக்குன்னா?"

"அதையேதான்."

மெய்கண்டான் எழுந்து நின்றான். சுவரில் சாய்ந்தான்.

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் நின்னாங்க. போயிட்டாங்க."

"சாமியம்மா!" அவன் குரல் சந்தில் மோதித் திரும்பியது. "அவ யாருன்னு உங்களுக்குத் தெரியும். என்ன மனசோட வந்து நின்னான்னும் தெரியும். தெரிஞ்சுமா வெரட்டினீங்க?"

சாமியம்மா மூச்சை இழுத்தார். அது நெஞ்சுக்குள் லேசாக விசிலடித்தது.

"உள்ள உக்காந்திருந்தப்ப தெரிஞ்சுது, ஐயா. அந்த வாசல்ல காவலுக்கு நின்னா யாரையும் தெரியல."